காலையில் எடுத்த சாயங்காலம்

படக்காரர் என்றுதான் ஊரில் எல்லோரும் அவரைச் சொன்னார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் அவருடைய தெருக்காரர்களே யோசிப்பார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனி என்றால் ஓட்டுக் கூரையும் சுண்ணாம்புச் சுவருமாக இருந்த அறுபதுகளில், சாவி கொடுத்தால் ஓடுகிற ஒரு பதினாறு எம்.எம். கேமராவை வைத்துக்கொண்டு பனியனுக்கும் வெண்ணெய்க்கும் கல்யாணத்துக்கும் படம் எடுத்துப் பிழைத்தவர். நான் புரஜெக்டர் வாடகைக்கு விடுகிறவன். கோயில் நோம்பியோ திருவிழாவோ, கம்பெனி ஆயுத பூஜையோ, எங்கே வேட்டியைத் திரையாகக் கட்டினாலும் என் மிஷின்தான் ஓடும். அவர் எடுப்பார், நான் ஓட்டுவேன். எங்களுக்குள் அவ்வளவுதான் என்று நான் சொன்னால் என் வீட்டுக்காரி சிரிப்பாள். அந்த மனிதரோடு நான் சண்டை போட்ட அளவுக்கு அவளோடு போட்டதில்லை.

ஆள் ஒல்லி. இடது கண்ணைப் பாதி மூடியே வைத்திருப்பார். கேமராவுக்குள் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். புதிதாகப் பார்க்கிற பெண்கள் கண்ணடிக்கிறான் என்று நினைத்து முறைத்திருக்கிறார்கள். டீக்கடையில் நின்றுகொண்டிருக்கும்போது திடீரென்று அண்ணாந்து பார்த்து, "வெளிச்சம் கெட்டுப் போச்சுங்க" என்பார், பால் கெட்டுப் போன மாதிரி. எனக்கு ஒன்றும் தெரியாது. வெயில் பாட்டுக்கு மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்.

ஒரே பேச்சுத்தான் அவரிடம். "கண்ணை நம்பாதீங்க. கண்ணுக்கு ஒண்ணு தெரியும், பிலிமுக்கு ஒண்ணு தெரியும். சனங்க பாக்கப் போறது பிலிமைத்தானுங்க." இதைச் சொல்லாமல் ஒரு வேலையையும் ஆரம்பித்ததில்லை. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிற்று.

முதன்முதலில் ஒரு பனியன் கம்பெனிக்கு விளம்பரப் படம் எடுத்தபோது நடந்த கூத்தை ஊரே சொல்லிச் சிரித்தது. முதலாளி தன் சரக்கிலேயே நல்லதாகப் பார்த்து, வெளுத்து, நீலம் போட்டு, கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒரு கட்டு பனியன் கொண்டுவந்து கொடுத்தார். படக்காரர் அதை அப்படியே ஒரு குண்டா டீத்தண்ணியில் போட்டு முக்கினார். முதலாளிக்கு வேட்டி நழுவியதுகூடத் தெரியவில்லை.

"ஏனுங்க! ராத்திரி பகலா வெளுத்துக் கொண்டாந்து குடுத்தா இப்பிடிக் கரித்துணி ஆக்கறீங்களே! புத்தி கித்தி கெட்டுப் போச்சுங்களா?"

"வெள்ளைய வெள்ளையா எடுத்தா பிலிமுல வெந்து போயிருமுங்க. சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கும். தையலும் தெரியாது, துணியும் தெரியாது. சித்த பொறுங்க."

படம் கழுவி வந்து, நான் ஓட்டினேன். திரையில் பனியன் பளீரென்று வெளுத்து நின்றது. கழுத்துத் தையல், கைமடிப்பு, துணியில் ஓடுகிற வரி, ஒவ்வொன்றும் எண்ணலாம். முதலாளி எழுந்து நின்று கைதட்டினார். அப்புறம் போகிற இடமெல்லாம் அவரே இந்தக் கதையைச் சொன்னார். டீத்தண்ணிப் படக்காரர் என்று இன்னொரு பெயரும் சேர்ந்துகொண்டது. அதில் படக்காரருக்குப் பெருமைதான்.

இப்படி அவரிடம் ஆயிரம் கைவேலை இருந்தது. கேமராவை நகர்த்தி எடுக்க வேண்டுமென்றால் துணி ரோல் தள்ளுகிற வண்டியில் உட்கார்ந்துகொள்வார். சக்கரத்தில் பாதிக் காற்றை இறக்கிவிட்டால் படம் ஆடாது என்பார். தள்ளுகிறவன் நான். மழை வேண்டுமென்றால் பூவாளித் தண்ணியில் பாலைக் கலப்பார், வெறும் தண்ணி பிலிமில் தெரியாதாம். ஊத்துக்குளி வெண்ணெய்க் கடைக்காரர் ஒருவர் விளம்பரம் கேட்டு வந்தார். விளக்கைப் போட்டதும் வெண்ணெய் உருகித் தட்டெல்லாம் ஓடியது. படக்காரர் அசரவில்லை. துணி துவைக்கிற வெள்ளைச் சவுக்காரத்தை வாங்கிச் செதுக்கி, மேலே ஒரு சொட்டு எண்ணெய் தடவி, வாழையிலையில் வைத்து எடுத்தார். கடைக்காரருடைய மச்சான் அது தெரியாமல் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினான். படம் ஓடியபோது அந்த வெண்ணெயைப் பார்த்து எனக்கே நாக்கில் எச்சில் ஊறியது.

ஆட்களை எடுப்பதற்கும் ஒரு வித்தை வைத்திருந்தார். கேமரா ஓடுகிறது என்று தெரிந்தால் நம் சனங்கள் விறைத்துப்போய் நிற்பார்கள். அதனால் அவர் எல்லோரும் வேறு எதையாவது வேடிக்கை பார்க்கிற சமயத்திலேயே ஓட விட்டுவிடுவார். "முன்னால ஒரு வாலு இருக்கோணும். வேண்டாததை அப்பறம் வெட்டிப் போட்டுக்கலாம்." அந்த வால்தான் பின்னால் எங்கள் கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

சேவூர்க் கல்யாணத்தைச் சொல்லாமல் விட முடியாது. தாலி கட்டுகிற நேரத்தில் கேமராவில் சாவி தீர்ந்து நின்றுவிட்டது. கெட்டிமேளம் முடிந்தது, எல்லோரும் அரிசி போட்டாயிற்று. இவர் மேடையில் ஏறி மாப்பிள்ளையிடம், "இன்னொருக்காக் கட்டுங்க, சித்த மெதுவா" என்றார். பெண்ணின் தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்த வேகத்தைப் பார்த்து நான் கேமராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

"தாலிய ரெண்டு தடவை கட்டச் சொன்ன மொத ஆளு நீதான்டா! இறங்குடா கீழ!"

இறங்கினார். ஆனால் விட்டாரா? அடுத்த வாரம் என் கடையில், பக்கத்துக் கடை டெய்லருக்குச் சவுரி வைத்துப் பூச் சூட்டித் திருப்பி உட்கார வைத்து, என் கையில் மோதிரம் மாட்டி, அவன் கழுத்தில் மஞ்சள் கயிற்றை முடிய வைத்துக் கிட்டத்தில் எடுத்தார். டெய்லர் கூச்சத்தில் நெளிந்துகொண்டே இருந்தான். அதைக் கல்யாணப் படத்தில் ஒட்டிக் கொடுத்தார். அந்தக் குடும்பத்தில் பார்த்தவர்கள் எல்லோரும் கண் கலங்கினார்கள். துண்டை உதறிய தாய்மாமன்தான் அதிகமாக அழுதார். என் கை, டெய்லரின் கழுத்து!

எனக்கு அன்று சிரிப்பாகவும் இருந்தது, உறுத்தலாகவும் இருந்தது. திரும்பி வரும்போது கேட்டேன். "அங்க நடந்தது படத்துல இல்லையேங்க?"

"நடந்தது யாருக்குங்க வேணும்? நடந்த மாதிரி இருந்தாப் போதும்" என்றார். சொல்லும்போது கண்ணில் துளிச் சூது இல்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. பயமும் அதுதான்.

இனி மயிலாத்தா விஷயம்.

மண்ணரைப் பக்கம் ஒரு கம்பெனி. இப்போது இல்லை. கல்கத்தா வியாபாரிகளுக்குப் போட்டுக் காட்ட, நூல் வருவதிலிருந்து சரக்கு போவது வரைக்கும் ஒரு முழு நாளைப் படமாக எடுத்துத் தரச் சொன்னார் முதலாளி. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் போனோம். நீளமான ஓட்டுக் கட்டிடம். முன்வாசல் கிழக்கே ரோட்டைப் பார்த்தது. பின்கதவு மேற்கே, துணி காயப் போடுகிற பொட்டலைப் பார்த்தது. பெண்கள் வருவது போவது எல்லாம் அந்தப் பின்கதவு வழியாகத்தான்.

காலையில் போனதும் படக்காரர் முதலில் எடுத்தது சாயங்காலத்தை.

"பொழுது சாயறப்ப வெளிச்சம் நிக்காதுங்க. இப்பவே எடுத்துரலாம்" என்றார். காலை வெயில் கிழக்கே இருந்து வருகிறது, கட்டிடத்தின் நிழல் பின்பக்கப் பொட்டல் பூராவும் விழுந்திருக்கிறது. நிழலைத் தாண்டித் தள்ளிப் போய், கூரை மேல் வருகிற வெயிலைப் பிடித்துக் கதவு மேல் திருப்பி அடிக்கிற மாதிரி என்னைத் தகரத்தோடு நிற்க வைத்தார். புதுத் தகரம், மேலே மெல்லிய மஞ்சள் துணி. கதவிலும் வெளியே வருகிற பெண்கள் முகத்திலும் மேற்கு வெயில் சாய்ந்து விழுகிற மாதிரியே இருந்தது. வேலை முடிந்து, காலிச் சோற்றுத் தூக்குப் போசியை ஆட்டிக்கொண்டு, பேசிச் சிரித்தபடி பெண்கள் வெளியே வர வேண்டும். இன்னும் வேலைக்கே உட்காராத பெண்கள்! ஒவ்வொரு தடவையும் ஏதோ சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்.

முதலில் வருகிறவள் மயிலாத்தா. பனியன் மடிப்பில் உட்காருகிற பெண், இருபது வயதுகூட இருக்காது. வாய் அதிகம்.

"ஏனுங்க, பொழுதுக்கும் இந்தக் கதவுலயே போயிட்டு வந்துட்டு இருக்கறதுங்களா? சம்பளத்தை நீங்க குடுப்பீங்களா?"

"இன்னும் ஒருக்கா மட்டும், அம்மிணி. வேலை செஞ்சு களைச்ச மாதிரி வா கண்ணு."

"இன்னும் வேலையே செய்யலீங்களே, எப்பிடிக் களைக்கறது?" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள் பாருங்கள், அதுதான் படத்தில் விழுந்தது. முதலாளியும் பக்கத்தில் நின்று பார்த்துச் சிரித்தார்.

மத்தியானத்துக்கு மேல் உள்ளே எடுத்தோம். வெயில் மேற்கே திரும்பி, பின்கதவு வழியாக நேராகக் கேமராவின் முகத்தில் அடித்தது. ஆட்கள் எல்லாம் கரிக்கட்டையாகத் தெரிவார்கள் என்று கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினால் காற்றில் திறந்துகொண்டது. பூட்டிவிடச் சொன்னார்.

சாவி வாட்ச்மேன் காசிம் பாயிடம். ஐம்பதைத் தாண்டிய மனிதர், சொன்ன வேலையைத் தவிர வேறு எதையும் செய்யாதவர். அவர் தயங்கினார். "ஆளு இருக்கறப்ப அந்தக் கதவைப் பூட்டறதில்லீங்களே" என்று முதலாளியைப் பார்த்தார். முதலாளி தலையாட்டினார். பாய் போய்ப் பூட்டினார். பெண்கள் எல்லோரும் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். படக்காரர் வழக்கம்போல அப்போதே கேமராவை ஓட விட்டிருந்தார்.

அதற்கப்புறம் மடிப்பு, பெட்டி கட்டுவது, முன்வாசலில் லாரி என்று வேலை எங்களை முன்பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. கதவை ஒருத்தரும் நினைக்கவில்லை. சாயங்காலம் படம் முடிந்ததும், பெண்கள் இன்னும் வேலையில் இருக்க, விளக்கு, தகரம் எல்லாம் தூக்கிக்கொண்டு வர முதலாளி பாயை எங்களோடு அனுப்பினார். என் கடை வாசலில் இறக்கி வைத்தோம். பாய் தண்ணி கேட்டார். செம்பை வாங்கும்போதுதான் மண்ணரைப் பக்கம் வானத்தில் புகை ஏறுவதைப் பார்த்தோம்.

பாய் செம்பைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு கையால் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். சாவி அங்கே இருந்தது.

தீ எப்படிப் பிடித்தது என்று இன்றைக்கும் தெரியாது. மோட்டார் என்றார்கள், பீடி என்றார்கள். நடுவில் வெட்டுத்துணி மூட்டை அடுக்கியிருந்த இடத்தில் ஆரம்பித்தது. முன்பக்கம் இருந்தவர்கள் ரோட்டுக்கு ஓடினார்கள். பின்பக்கம் இருந்தவர்கள், தினமும் போகிற கதவாயிற்றே, அங்கே ஓடினார்கள். சனங்கள் கூரை மேல் ஏறி ஓட்டைப் பிரித்து இரண்டு பேரை மேலே இழுத்தார்கள். மயிலாத்தாவை எடுக்க முடியவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாய் திறந்த கதவு, யாருக்கும் பிரயோஜனமில்லாத கதவு.

மறுநாளே போலீஸ் பாயைப் பிடித்துக்கொண்டு போயிற்று. பெண்கள் உள்ளே இருக்கும்போது கதவைப் பூட்டிவிட்டு வெளியே போன வாட்ச்மேன். கேட்கவே எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

படக்காரர் அன்றிலிருந்து சாப்பிட்டாரா தூங்கினாரா என்று எனக்குத் தெரியாது. ஸ்டேஷனுக்குப் போய், "நாந்தானுங்க பூட்டச் சொன்னேன். தொறக்கச் சொல்ல மறந்தவனும் நாந்தான்" என்று சொன்னார். எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். பிலிம் மெட்ராசுக்குக் கழுவப் போயிருந்தது. "அது வரட்டுமுங்க. பாய் பூட்டறதும் முதலாளி தலையாட்டறதும் அதுல இருக்குது. அதைப் பாத்தா விட்டுருவாங்க" என்று தினமும் தபால் ஆபீஸ் வாசலில் நின்றார். நடந்ததை நடந்தபடி எடுத்த ஒரே துண்டு அதுதான். அதுவும் வெட்டிப் போட வைத்திருந்த வால்.

பிலிம் வந்தது. தொழிற்சாலை அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வந்திருந்தார். தீ எட்டாத கம்பெனி ஆபீஸ் அறையில் ஜன்னலுக்குக் கம்பளி கட்டி, நான்தான் மிஷினை வைத்தேன். அதிகாரி, இன்ஸ்பெக்டர், முதலாளி, அவருடைய வக்கீல், இரண்டு போலீஸ்காரருக்கு நடுவில் பாய். மயிலாத்தாவின் அப்பன் கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தார்.

ஓட்டினேன். வெள்ளையாக வெளிச்சம். பாய் நடந்து போகிறார், முதலாளி ஓரத்தில் நின்று தலையாட்டுகிறார், கதவு சாத்துகிறது, வெளிச்சம் போகிறது, பாய் பூட்டிவிட்டுத் திரும்புகிறார். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். முதலாளியைப் பார்த்தார். எனக்கு மனசுக்குள், பாய் தப்பித்தார் என்று ஒரு நிம்மதி.

முதலாளி எழுந்து நின்றார். குரல் நடுங்கவே இல்லை. "இன்னொரு ரீல் இருக்குதுங்க. அதையும் போடச் சொல்லுங்க."

ஒரே டப்பாவில்தான் இருந்தது. படக்காரர் டப்பாவை மூடப் போனார். இன்ஸ்பெக்டர் கையை நீட்டி வாங்கி என்னிடம் கொடுத்தார். நான் என்ன செய்ய?

திரையில் சாயங்காலம். மேற்கு வெயில் கதவில் சாய்ந்து விழுகிறது. கதவு விரியத் திறந்திருக்கிறது. வேலை முடிந்து பெண்கள் வருகிறார்கள். முதலில் மயிலாத்தா, தூக்குப் போசியை ஆட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. அவளுடைய அப்பன் "ஆத்தா" என்று எழுந்து திரைக்கு முன்னால் வந்துவிட்டார். அவர் முதுகின் மேல் கொஞ்ச நேரம் அவள் நடந்தாள்.

வக்கீல் மெதுவாகக் கேட்டார். "படத்துக்காகச் சாத்தினாங்க, சரி. சாயங்காலம் தொறந்தே இருக்குதே, புள்ளைங்க படத்துக்கு வெளிய வந்துட்டு மறுபடியும் வேலைக்கு உள்ள போயிருக்காங்க. அதுக்கப்பறம் இவங்க கூடப் போறதுக்கு முன்னால பூட்டினது யாரு?"

"ஐயோ, அது காலையில எடுத்ததுங்க!" என்று கத்தினார் படக்காரர். "சாயங்காலம் மாதிரி எடுத்ததுங்க! தகரத்துல வெயிலைத் திருப்பி அடிச்சு..."

"நாந்தானுங்க தகரம் பிடிச்சேன்" என்றேன் நானும்.

"ரெண்டு பேரும் கூட்டாளிங்கதானே?" என்றார் வக்கீல். பிறகு படக்காரர் பக்கம் திரும்பினார். "பனியனை டீயில முக்கினது நீங்கதானே? சவுக்காரத்தை வெண்ணெய்னு காட்டினதும்? இன்னைக்கு வாட்ச்மேனுக்காகச் சாயங்காலத்தைக் காலைங்கறீங்க. எதை நம்பறது?"

"பாயி கதவைத் தொறக்கவே இல்லீங்க!"

"தொறக்கலைங்கறதுக்குப் படம் இருக்குதா?"

படக்காரர் திரையைத் திரும்பிப் பார்த்தார். "தொறக்காததை எப்பிடிங்க படம் எடுக்கறது?" என்றார். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார்.

எந்த ரீல் முதலில் எடுத்தது என்று பிலிமில் எழுதியிருக்கிறதா என்ன? வெளிச்சத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், கண்டுபிடிக்க முடியாத மாதிரி அவ்வளவு நன்றாக எடுத்திருந்தார் அந்தப் பாவி மனுசன். அதிகாரி பெண்களைக் கூப்பிட்டுக் கேட்டார். முதலாளி எதிரில் நிற்கிறார். கம்பெனியை மூடினால் அத்தனை குடும்பமும் தெருவில். "தினமும் அப்பிடித்தான் வருவமுங்க, எந்த நேரம்னு என்னத்தைக் கண்டோம்" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் தலை நிமிரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலாளியைச் சொல்ல வருகிறது. அந்தச் சாயங்காலத்தைக் காலையில் பக்கத்தில் நின்று பார்த்துச் சிரித்த மனிதர் அவர்.

கடைசியாகப் பாயைக் கேட்டார்கள். "தொறக்கச் சொல்லலீங்க சாமி, அதனால தொறக்கலீங்க" என்றார். அவ்வளவுதான். பாயைக் கோயமுத்தூர் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

படக்காரர் அதோடு விடவில்லை. ஒரு நாள் உண்மையான சாயங்காலத்தில், கேமராவைத் தூக்கிக்கொண்டு அந்தப் பொட்டலுக்குப் போனார். கரி பிடித்த அந்தக் கதவையும் பக்கத்துக் கம்பெனியிலிருந்து வீட்டுக்குப் போகிற சனங்களையும் எடுத்தார். தகரம் இல்லை, துணி இல்லை, யாரையும் திரும்ப நடக்கச் சொல்லவில்லை. "இதை அதோட பக்கத்துல வெச்சுப் பாத்தா வித்தியாசம் தெரியுமுங்க. அதிகாரிகிட்டக் காட்டிரலாம்" என்றார். கழுவி வந்ததும் என் கடையில் போட்டுப் பார்த்தோம். வெயில் நேராக அடித்து, முகமெல்லாம் சப்பையாக, கண்ணைச் சுருக்கிக்கொண்டு யார் யாரோ போனார்கள். நடு மத்தியானம் மாதிரி இருந்தது.

அவர் எழுந்து திரைக்குக் கிட்டத்தில் போய் நின்றார். "நெசமான சாயங்காலம் சாயங்காலம் மாதிரியே இல்லீங்களே" என்றார். நான் மிஷினை நிறுத்தினேன். 

சாயங்கால ரீலை முதலாளி வாங்கிக்கொண்டு போய்விட்டார். கல்கத்தா வியாபாரிகளுக்குப் போட்டுக் காட்டியதாகவும், அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டு வருகிற இடத்தில் எல்லோரும் கைதட்டியதாகவும் சொன்னார்கள். கதவு பூட்டுகிற ரீலை அவர் கேட்கவில்லை. அது என் அலமாரியிலேயே கிடந்தது.

படக்காரர் கேமராவை விற்கவில்லை, தொழிலையும் விடவில்லை. விட்டால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? ஆனால் யாரையும் இன்னொருக்கா என்று சொல்வதை விட்டுவிட்டார். கல்யாண வீட்டில் பாதி முகம் மறைந்தாலும், மாலை கழன்று விழுந்தாலும், அப்படியே எடுத்துக் கொடுத்தார். படம் நன்றாக இல்லை என்று சனங்கள் மெல்ல மெல்லக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். ஒருநாள்கூடத் தவறாமல் பாயின் வீட்டுக்குப் போய், வேண்டியது வேண்டாததைக் கேட்டுவிட்டு வருவார். பாயின் சம்சாரம் கதவுக்குப் பின்னாலிருந்தே, "ஒண்ணும் வேண்டாமுங்க" என்று சொல்லி அனுப்பிவிடும்.

தண்டனை முடிந்து பாய் வந்தார். தாடி பூராவும் நரைத்திருந்தது. ஒரு நாள் காலையில் நேராக என் கடைக்கே வந்தார். படக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார். 

"அந்தப் படத்தை ஒருக்காப் போட்டுக் காட்டுங்க. அன்னைக்கு எனக்குச் சரியாப் பாக்க முடியலீங்க" என்றார் பாய்.

கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன். பாய் திரையில் நடந்து போனார், பூட்டினார், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துத் திரும்பினார். அந்த இடத்தில் அவருடைய உதடு அசைகிறது. எத்தனையோ தடவை ஓட்டியவன் நான், அதைக் கவனித்ததே இல்லை. ஊமைப் படம்தானே. அதற்குள் ரீல் முடிந்து வெறும் வெள்ளை வந்துவிட்டது.

"அங்க என்ன சொல்றீங்க பாய்?" என்று நான் கேட்டேன்.

"எப்பத் தொறக்கட்டுமுங்கன்னு கேட்டேன்" என்றார்.

படக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். "எனக்குக் கேக்கலீங்க பாய். சத்தியமா எனக்குக் கேக்கலை."

"கேட்டுச்சுங்க" என்றார் பாய். குரலில் கோபமே இல்லை, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். "கேமராவுல இருந்து கண்ணை எடுக்காம, இருங்கன்னு கையைக் காட்டினீங்க. நான் இருந்தேனுங்க."